நிறுத்தி வைத்த காரைச் செம்பனை லோரி இடித்துவிட்டது, போலீஸ் ரிப்போட் போடலாமா?

பாலர்பள்ளி டீச்சர் | ஞாயிறு, காலை 7.40

எல்லாருக்கும் வணக்கம். மலேசியா, பேராக், சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது இன்று பகலுக்குள் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

நேற்று புரட்டாசி மூன்றாம் சனி. பூசைக்குப் போயிருந்தேன். காரைக் கோவில் பக்கத்துச் சந்தில், சாக்கடை ஓரமாக, எப்போதும் நிறுத்துகிற இடத்தில்தான் நிறுத்தினேன். அங்கே மஞ்சள் கோடு கிடையாது. ஏழரைக்கு உள்ளே போனவள் ஒன்பதேகாலுக்குப் பிரசாதப் பொட்டலத்தோடு வெளியே வந்தேன். வலது பின்விளக்கு நொறுங்கிக் கிடக்கிறது. பம்பர் ஒரு பக்கம் கழன்று தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சக்கரத்துக்கு மேலே உள்ள தகடு உள்வாங்கி, என் கை அளவுக்குச் சாயம் உரிந்திருக்கிறது. குனிந்து பார்த்தால் தரையில் நான்கு செம்பனைப் பழம். ஒன்று டயரில் நசுங்கி, அந்த ஆரஞ்சு எண்ணெய் என் காரின் வெள்ளைச் சாயத்தில் இழுத்துவிட்ட மாதிரி ஒரு கோடு. என் அம்மா இருபது வருடம் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர். அந்த வாசனை எனக்கு மறக்காது. இடித்தது என்ன வண்டி என்று அப்போதே தெரிந்துவிட்டது.

எதிரில் உள்ள மளிகைக் கடையில் கேமரா இருக்கிறது. கடைக்காரர் நல்ல மனிதர், உடனே போட்டுக் காட்டினார். 8.52க்கு லோரி பின்னால் வருகிறது, திரும்புகிறது, என் கார் ஒரு குலுங்கு குலுங்குகிறது. லோரி நிற்கிறது. ஓட்டிய பையன் இறங்கி, கைப்பேசி வெளிச்சத்தில் என் காரைப் பார்க்கிறான். சுற்றுமுற்றும் பார்க்கிறான். பிறகு ஏறிப் போய்விடுகிறான். நம்பர் பிளேட்டில் முன்னாலுள்ள 'ஏ' எழுத்தும் கடைசி இரண்டு எண்ணும்தான் தெரிகிறது. ஆனால் அந்தப் பையனை எனக்குத் தெரியும். ஆறு வயதில் என் வகுப்பில் உட்கார்ந்து ஆனா ஆவன்னா எழுதியவன். இப்போது வயது இருபத்திரண்டு.

பத்தரை மணிக்கு லோரி குத்தகைக்காரர் போன் செய்தார். எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை, இந்த ஊரில் எல்லாம் எல்லாருக்கும் தெரியும். "டீச்சர், 500 வெள்ளி தருகிறேன், நாளைக்கே தருகிறேன், ரிப்போட் மட்டும் வேண்டாம். ரிப்போட் போட்டால் பையனை வேலையில் வைத்திருக்க முடியாது" என்றார். 

கார் 2017இல் வாங்கிய மைவி, என் பெயரில்தான் இருக்கிறது. ஒன்பது வருடக் கடன், அடுத்த மார்ச்சோடு முடிகிறது. முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரு காசு கிளெய்ம் செய்ததில்லை, அதற்காகப் பிரீமியத்தில் கிடைக்கிற கழிவு, என்.சி.டி, 55 விழுக்காடு. அதை இழக்க மனமில்லை. ஒரு பையனின் பிழைப்பில் கை வைக்கவும் மனமில்லை. நான் என்ன செய்வது?


சாயம் அடிக்கிறவன் | ஞாயிறு, காலை 8.05

அக்கா, முதலில் காரில் கை வைக்காதீர்கள். பம்பர் தொங்குகிறதே என்று யாரையாவது வைத்து இழுத்துக் கட்டிவிடாதீர்கள். அந்த எண்ணெய்க் கோட்டைத் துடைத்துவிடாதீர்கள், அது உங்கள் சாட்சி. படம் எடுங்கள். தூரத்திலிருந்து கோவிலும் சந்தும் தெரிகிற மாதிரி, கிட்டத்தில் ஒவ்வொரு அடியும் தெரிகிற மாதிரி, தரையில் கிடக்கிற பழத்தோடும் கண்ணாடித் துண்டோடும். மளிகைக் கடைக் கேமராப் பதிவை இன்றைக்கே உங்கள் கைப்பேசிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கடைக் கேமராவில் பழையதை அழித்துவிட்டுப் புதியது ஏறிக்கொண்டே இருக்கும், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் இருக்காது.

ஈப்போவில் ஒரு பெங்கேலில் (கார் பட்டறையில்) பதினோரு வருடமாகச் சாயம் அடிக்கிறேன். நீங்கள் சொல்கிறதைக் கேட்டால் 500 வெள்ளி விளக்குக்கும் பம்பருக்குமே இழுபறி. சக்கரத்துக்கு மேல் உள்ள தகடு கதவு மாதிரி கழற்றி மாட்டுகிற சாமான் இல்லை, உடம்போடு ஒட்டியது. தட்டி நிமிர்த்த வேண்டும், இல்லையென்றால் வெட்டி ஒட்ட வேண்டும். உள்ளே என்ன வளைந்திருக்கிறது என்பது பம்பரைக் கழற்றினால்தான் தெரியும். மீதியைப் பெரியவர்கள் சொல்வார்கள்.


பழைய கிராணி | ஞாயிறு, காலை 9.20

டீச்சர், வணக்கம். நான் தோட்டத்தில் கிராணி இல்லை. வாகனக் காப்புறுதி விற்கிற ஒரு சின்ன ஆபீசில் 22 வருடம் கணக்கு எழுதினேன், ஊரில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது ஓய்வு. உங்கள் மாதிரி எத்தனையோ பேர் அந்த மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அநேகம் பேர் மூன்று நாள் கழித்துத்தான் வருவார்கள். நீங்கள் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கேட்டிருக்கிறீர்கள், அதுவே பாதி வேலை.

இன்று இரவு 8.52க்கு முன்னால் போலீஸ் நிலையத்துக்குப் போய்விடுங்கள். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, விபத்து நடந்தால் ஓட்டுநர் வண்டியை நிறுத்தித் தன் விவரத்தைக் கொடுக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சட்டம் ஓட்டுநரைக் குறித்துத்தான் பேசுகிறது. ஆனாலும் நிறுத்தி வைத்த காரின் சொந்தக்காரரும் அதே 24 மணி நேரத்துக்குள் போய்விடுவதுதான் நல்லது. தாமதித்தால் 'ஏன் அன்றைக்கே வரவில்லை' என்ற கேள்வி போலீசிலும் வரும், காப்புறுதியிலும் வரும். ஞாயிற்றுக்கிழமை என்று யோசிக்க வேண்டாம், நிலையம் திறந்துதான் இருக்கும்.

இப்போது உங்கள் மனதை அரிக்கிற விஷயம், அந்தப் பையன். நன்றாகக் கவனியுங்கள் டீச்சர். அதே 24 மணி நேரம் அவனுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. விவரம் கொடுக்காமல் போனது ஒரு தப்பு, ரிப்போட் போடாமல் இருப்பது அடுத்த தப்பு. நீங்கள் ரிப்போட் போடாமல் விட்டால் அவனைக் காப்பாற்றுவதாக நினைக்கிறீர்கள். ஆனால் அவன் முதலாளி 500 வெள்ளியைக் கொடுத்துவிட்டு, அதை இவன் சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பார். இப்படி நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவனாகவே இன்றைக்குப் போய், 'இடித்துவிட்டேன், பயத்தில் போய்விட்டேன்' என்று சொன்னால் விஷயம் சின்னதாகவே நிற்கும். வண்டியைக் கட்டுப்பாட்டில் வைக்காமல் இடித்ததற்குப் பெரும்பாலும் 300 வெள்ளி சமான் (அபராதம்) வரும். விவரம் கொடுக்காமல் போனதை எப்படிப் பார்ப்பது என்பது விசாரிக்கிற அதிகாரியின் கையில். அவனாக வந்து நிற்பதற்கும், கேமராவைப் பார்த்து அவர்கள் தேடிப் போவதற்கும் வித்தியாசம் உண்டு. போன் செய்து அவனைக் கூப்பிடுங்கள். நீங்கள் அவன் டீச்சர், நீங்கள் கூப்பிட்டால் வருவான்.

உங்கள் கார் சேதத்துக்குப் பையன் கையிலிருந்து பணம் போக வேண்டியதில்லை. லோரிக்குக் காப்புறுதி இருக்கிறது, அது எதற்கு இருக்கிறது?

இனி உங்கள் 55 விழுக்காடு. நிறையப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். இடித்தது யார் என்று தெரியாமல், உங்கள் காப்புறுதியிலேயே சாதாரணமாகக் கிளெய்ம் செய்தால் என்.சி.டி சுழியத்துக்கு இறங்கும். அப்புறம் 25, 30, 38.33, 45, 55 என்று திரும்ப ஏறிவர ஐந்து வருடம். உங்கள் அடிப்படை பிரீமியம் 900 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அடுத்த புதுப்பிப்பில் 495 வெள்ளி கழிவு போச்சு. அதற்கடுத்த வருடம் 270, பிறகு 225, 150, 90. கூட்டினால் 1,230 வெள்ளி. அதனால்தான் சின்னக் கீறலுக்குக் கிளெய்ம் செய்யாதீர்கள் என்று நாங்கள் வந்தவர்களிடமெல்லாம் சொல்வோம்.

உங்கள் நிலைமை அதுவல்ல. தப்பு உங்களுடையது இல்லை, இடித்த வண்டி எது என்று தெரியும், உங்களிடம் முழுக் காப்புறுதி இருக்கிறது. இதற்கு 'ஓடி கே.எஃப்.கே' என்று ஒரு வழி உண்டு. ஆபீசில் நாக் ஃபார் நாக் என்பார்கள். உங்கள் நிறுவனமே உங்கள் காரைச் சரிசெய்து கொடுக்கும், என்.சி.டி அப்படியே இருக்கும். கவுண்டரில் வெறுமனே 'கிளெய்ம்' என்று சொல்லாதீர்கள், ஓடி கே.எஃப்.கே என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இடித்தது வணிக வாகனம் என்பதால், உங்கள் விஷயத்தை அந்த வழியில் ஏற்கிறார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்காவிட்டால் லோரியின் காப்புறுதி மீது மூன்றாம் தரப்புக் கிளெய்ம் இருக்கிறது. இழுக்கும், ஆனால் அதிலும் உங்கள் என்.சி.டிக்கு ஆபத்தில்லை. எந்த வழியானாலும் லோரியின் முழு நம்பரும் போலீஸ் ரிப்போட்டும் வேண்டும். காப்புறுதிக்கு ஏழு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தள்ளிப் போடாமல் நாளைக் காலையே போன் செய்யுங்கள்.

இன்னொன்று, இதை என்னால் சொல்லாமல் இருக்க முடியாது. ரிப்போட்டைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வரிவரியாகப் படியுங்கள். மலாயில் தட்டுவார்கள். எங்களிடம் ஒரு அம்மா கொண்டுவந்த ரிப்போட்டில் 'டிலாங்கார்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மெலாங்கார்' என்று விழுந்திருந்தது. இடிக்கப்பட்டது என்பதற்குப் பதிலாக இடித்தது. அவர் கார் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த கார்! அந்த ஒரு சொல்லுக்காக இன்னொரு ரிப்போட் போட்டு, நாலரை மாதம் அலைந்தார். அவசரத்தில் யாருக்கும் கை தவறும், தட்டியவரைக் குறை சொல்லவில்லை. உங்கள் கண்தான் பார்க்க வேண்டும். கார் நம்பர், நேரம், இடம், எந்தப் பக்கம் அடி, கார் நின்றுகொண்டிருந்தது, உள்ளே ஆள் இல்லை. இவ்வளவும் அதில் இருக்கிறதா பாருங்கள்.


கம்பத்து வாசி | ஞாயிறு, காலை 10.10

எல்லாரும் சட்டம் பேசுகிறீர்கள். நம்ம பையன், நம்ம ஊர். 500ஐ 800 ஆக்கிக் கேட்டு வாங்கிக்கொண்டு முடிக்கலாமே டீச்சர். போலீஸ் நிலையம் வரை போனால் நாளைக்குக் கோவிலில் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்ப்பது?


பழைய கிராணி | ஞாயிறு, காலை 10.35

தம்பி, நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான். முகம் பார்க்கிற சங்கடம் எனக்கும் தெரியும், நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். ஆனால் 800 வாங்கிக்கொண்டு டீச்சர் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாளில் 'இத்துடன் எல்லாம் தீர்ந்தது' என்று இருக்கும். பம்பரைக் கழற்றிப் பார்க்கும்போது உள்ளே இரும்பு வளைந்திருந்தால், செலவு 3,000 என்றால், யாரிடம் போவது? குத்தகைக்காரர் தாளைக் காட்டுவார். அப்போதுதான் தம்பி, கோவிலில் முகம் பார்க்க முடியாமல் போகும்.

ரிப்போட் என்பது பகை இல்லை. நடந்ததை நடந்தபடி ஒரு தாளில் ஏற்றி வைப்பது, அவ்வளவுதான். நம் சனங்கள் 'பலாய்', அதாவது போலீஸ் நிலையம், என்றாலே ஒதுங்குகிறோம். எங்கள் அப்பா காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. 1948இல் இதே சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார்கள் சுடப்பட்டு நாடு அவசரகாலத்துக்குள் போன பிறகு, போலீஸ் என்றால் என்ன அர்த்தம் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பயத்தை இன்னும் சுமந்துகொண்டு, நமக்கு வர வேண்டிய பணத்தையும் விட்டுக்கொடுக்கிறோம். எனக்கு இதில்தான் மனக்கஷ்டம்.


பாலர்பள்ளி டீச்சர் | ஞாயிறு, இரவு 9.50

போய்விட்டு வந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

பையனுக்கு மத்தியானம் போன் செய்தேன். மூன்று தடவை எடுக்கவில்லை. நான்காவது தடவை எடுத்து, ஒன்றும் பேசாமல் இருந்தான். "சாப்பிட்டியாப்பா" என்று கேட்டேன். அழுதுவிட்டான். காரைப் பார்த்ததுமே அது என்னுடையது என்று தெரிந்துகொண்டானாம். பின்கண்ணாடியில் நான் ஒட்டியிருக்கிற பாலர்பள்ளி ஸ்டிக்கரைப் பார்த்திருக்கிறான். உள்ளே வந்து சொல்லலாம் என்றுதான் இறங்கினானாம். லோரியில் பழம் நிறைந்திருந்ததாம், ஆலைக்கு நேரமாகிவிட்டதாம், முதலாளிக்குப் போன் செய்தால் 'முதலில் கிளம்பு' என்றாராம். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை என்ன செய்வான். அவனுக்குச் சட்டத்தின் அந்த 24 மணி நேரத்தைச் சொன்னேன். கிராணி ஐயா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். ஆறு மணிக்கு அவன் அம்மாவோடு வீட்டுக்கு வந்தான். மூன்று பேரும் என் காரிலேயே போனோம், பம்பரைக் கயிற்றால் கட்டிக்கொண்டு. கட்டுவதற்கு முன்னால் நாற்பது படம் எடுத்துவிட்டேன், சாயம் அடிக்கிற தம்பி கோபிக்க வேண்டாம்.

நிலையத்தில் இருந்தவர் சின்ன வயதுக்காரர், பொறுமையாகக் கேட்டார். முதலில் என்னுடையது, பிறகு அவனுடையது. தனித்தனி ரிப்போட். என் தாளைக் கொடுத்ததும் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். 'டிலாங்கார்' சரியாக இருந்தது! ஆனால் 'இடது பின்பக்கம்' என்று இருந்தது. வலது என்று சொன்னதும் உடனே மாற்றி, மறுபடி அச்செடுத்துக் கொடுத்தார். நீங்கள் சொல்லியிராவிட்டால் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருப்பேன். விசாரணை அதிகாரி நாளைக்குக் காரைப் படம் எடுப்பார், அதுவரை சரிசெய்யக் கொடுக்க வேண்டாம் என்றார். மளிகைக் கடைப் பதிவையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

வெளியே வந்ததும் பையன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். குத்தகைக்காரரிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.


சாயம் அடிக்கிறவன் | ஞாயிறு, இரவு 10.15

கோபமெல்லாம் இல்லை அக்கா. நாற்பது படம் எடுத்தவரை யார் கோபிப்பது!

பெங்கேல் விஷயம் ஒன்று சொல்கிறேன். யார் வந்து 'இங்கே கொண்டுவாருங்கள், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றாலும் போகாதீர்கள். உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் பட்டியலில் உள்ள பெங்கேல் எது என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சேதத்தை மதிப்பிடுகிற அட்ஜஸ்டர் வந்து பார்த்து, செலவை ஒத்துக்கொண்ட பிறகுதான் நாங்கள் வேலையைத் தொடங்க முடியும். உங்கள் கார் எட்டு வருடம் ஆனது. புது சாமான் போட்டால் 'பெட்டர்மெண்ட்' என்று அதில் ஒரு பங்கை உங்களிடம் கேட்பார்கள். ஐந்து வருடக் காருக்கு 15 விழுக்காட்டில் தொடங்கி, பத்து வருடமும் அதற்கு மேலும் என்றால் 40 வரை போகும். எட்டு வருடத்துக்கு 30. அது புது சாமான் விலைக்கு மட்டும், கூலிக்கும் சாயத்துக்கும் கிடையாது. தகட்டைத் தட்டி நிமிர்த்த முடியுமென்றால் அப்படியே செய்யச் சொல்லுங்கள், உங்கள் கைப்பணம் மிச்சம்.


டுரியான் தோட்டம் | திங்கள், காலை 6.55

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இதே மாதிரிதான் எனக்கும், ஆனால் லோரி இல்லை. பின்வாசலில் நிறுத்தின காரின் கூரையில் டுரியான் விழுந்து குழிந்துவிட்டது. முன்கண்ணாடியும் விரிந்துவிட்டது. காப்புறுதி கொடுக்குமா?


பழைய கிராணி | திங்கள், காலை 8.30

காற்றோ புயலோ இல்லாமல், பழுத்துத் தானாக விழுந்ததென்றால், முழுக் காப்புறுதியில் 'மேலிருந்து விழுகிற பொருள்' என்ற பிரிவில் வரும். புயல் காற்றில் மரமோ கிளையோ விழுந்ததென்றால் அதற்கு 'ஸ்பெஷல் பெரில்ஸ்' என்று தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும், வெள்ளமும் அதில்தான். விழுந்த அன்றைக்கு வானம் எப்படி இருந்தது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். ஆனால் கூரைக்கு யார் மீதும் பழி போட முடியாததால் என்.சி.டி போய்விடும். தட்டி எடுக்க எவ்வளவு என்று முதலில் ஒரு பெங்கேலில் விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கண்ணாடிக்குத் தனிக் காப்பு எடுத்திருந்தால் அதை மட்டும் கேட்கலாம், என்.சி.டிக்குப் பாதிப்பில்லை.


பாலர்பள்ளி டீச்சர் | ஐந்து வாரம் கழித்து, வெள்ளி, மாலை 5.20

தாமதமாக வருவதற்கு மன்னியுங்கள். தீபாவளி வேலை, பள்ளி ஆண்டுமுடிவு வேலை. உங்களுக்கெல்லாம் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மறுநாளே காப்புறுதிக்குப் போன் செய்து, ஓடி கே.எஃப்.கே என்று பெயர் சொல்லிக் கேட்டேன். போனில் இருந்த பெண் ஒரு நிமிடம் நிறுத்தி, "உங்களுக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்டார். இரண்டு ரிப்போட்டும் பொருந்துகின்றன, லோரிப் பையன் தன் தப்பை ஒத்துக்கொண்டிருக்கிறான் என்பதால் ஏற்றுக்கொள்கிறோம் என்று மின்னஞ்சலில் அனுப்பினார்கள். அதை அச்செடுத்து வைத்திருக்கிறேன். போலீஸ் விசாரணை முடிவு வர மூன்று வாரமானது. காருக்குச் செலவு 3,460 வெள்ளி. பம்பரைக் கழற்றினால் உள்ளே குறுக்குக் கம்பி வளைந்திருந்தது, சாயம் அடிக்கிற தம்பி சொன்ன மாதிரியே. தகட்டைத் தட்டி நிமிர்த்தியே எடுத்துவிட்டார்கள். விளக்கு, பம்பர், கம்பி மூன்றும் புதிது, அதற்கு என் பங்கு 312 வெள்ளி கட்டினேன். கார் தீபாவளிக்குக் கிடைக்கவில்லை, அக்காவின் காரில்தான் எல்லா வீட்டுக்கும் போனோம்.

பையனுக்கு 300 வெள்ளி சமான். அவனே கட்டினான், முதலாளி சம்பளத்தில் பிடிக்கவில்லை. குத்தகைக்காரரிடம் நேரில் போய்ப் பேசினேன். முதலில் முகம் கொடுக்கவில்லை. "நீங்கள் வருடாவருடம் கட்டுகிற காப்புறுதியிலிருந்துதானே போகிறது, பையன் என்ன செய்தான்" என்று கேட்டேன். 'கிளம்பு' என்று சொன்னது அவர்தான் என்பதை நான் சொல்லவில்லை, அவருக்குத் தெரியும். பையன் இன்னும் அதே லோரிதான் ஓட்டுகிறான். சந்தில் மட்டும் பின்னால் எடுக்கும்போது இப்போது இன்னொரு ஆள் இறங்கி நின்று கை காட்டுகிறான், கடைக்காரர் சொன்னார்.

கிராணி ஐயா, ஒன்று கேட்க வேண்டும். காப்புறுதி புதுப்பிப்பு டிசம்பரில் வருகிறது. அந்தத் தாளில் நான் எதைப் பார்க்க வேண்டும்?


பழைய கிராணி | வெள்ளி, இரவு 8.10

நல்ல செய்தி டீச்சர், கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. தாளில் என்.சி.டி என்ற வரியில் 55 இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சில சமயம் கே.எஃப்.கே கிளெய்மைச் சாதாரணக் கிளெய்மாகப் பதிந்து, சுழியம் என்று வந்துவிடும். அப்படி வந்தால் பணம் கட்டாதீர்கள். முதலில் அந்த மின்னஞ்சலைக் காட்டி நிறுவனத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். அவர்கள் திருத்தாவிட்டால் எஃப்.எம்.ஓ.எஸ் என்ற குறைதீர்ப்பு அமைப்பு இருக்கிறது, 2025 ஜனவரியிலிருந்து அந்தப் பெயரில் நடக்கிறது, அங்கே கொண்டுபோகலாம். தாள் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.


பாலர்பள்ளி டீச்சர் | டிசம்பர், புதன், மதியம் 1.15

தாள் வந்தது ஐயா. 55.